காலண்டர் அட்டையில் விட்ட இடம்

பிள்ளைகளே, கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெல்லத்தைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் முதலில் கரைந்துபோகும். பிறகு கையில் ஒட்டும். அதற்கும் பிறகு உருண்டையாகத் திரளும். தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும். அதுதான் பதம். கோவில்பட்டியில் ஒரு மிட்டாய்க் கடையின் பின்கட்டில் அந்தச் சட்டியின் முன்னால்தான் எனக்கு வேலை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. பதம் என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வருடம் முடிகிற அன்று, எட்டாவது படிக்கும் என் மகள் புதுக் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எப்பா, உங்க பதம் என்ன?"

"உருட்டுப் பதம்தான். வேறென்ன?"

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அடுப்படியில் இருந்த என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏட்டி, கேட்டதுக்கு அப்பா சரியாத்தான சொல்லுதாவ?" என்றாள்.

பிறகுதான் மகள் விளக்கினாள். புது வருடத்தில் அதைச் செய்வேன், இதை விடுவேன் என்று எடுக்கிற சபதமெல்லாம் பொங்கலுக்குள் காணாமல் போய்விடுகிறதாம். அதனால் ஆளுக்கொரு பதம், அதாவது ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக் கண்ணில் படுகிற இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். வருடம் முழுக்க அந்தச் சொல் நம்மைக் கூட்டிக்கொண்டு போகுமாம்.

காலண்டர் அட்டையில் சாமி படத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அவள் 'கேள்' என்று எழுதினாள்.

"கேள்னா, காசு கேக்கதா, இல்ல சொன்ன பேச்சைக் கேக்கதா?" என்றாள் என் மனைவி.

"ரெண்டும்தாம்மா."

நான் 'பொறுமை' என்றேன். அடுப்புச் சூட்டிலேயே நின்று வருவதால் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். அது எனக்கே பிடிக்காமல்தான் இருந்தது.

"உனக்கு என்னம்மா?"

"எனக்கு என்னத்துக்குட்டி பதம்? தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் போடுதவளுக்கு? இருக்கட்டும்."

தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மகள் விடவில்லை. 'அம்மா' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்தாள்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். என் மனைவி எப்போதும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பாள். ஆபீசில் தீக்குச்சி மருந்துத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். நாங்களும் அதற்காகத்தான் என்று நினைத்திருந்தோம். அன்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெள்ளையடிக்கிற மட்டையைத் தூக்கி உத்தரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

"எம்மா, கழுத்துல என்னது?"

மட்டை நின்றது.

"ஒண்ணுமில்ல."

"கேக்கேன்ல, சொல்லு."

நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டதாம். வலிக்கவில்லையாம். நான் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

"நாளைக்கே போய்க் காமிப்போம்" என்றேன்.

"பொங்கல் போகட்டும்."

பொங்கல் போனது. "புதூர்ல எங்க அண்ணன் புஞ்சையில கொத்தமல்லி எடுக்கணும், ஆள் கிடைக்கல. அங்கன போயிட்டு வந்துருதேன்" என்றாள். நான் வற்புறுத்தினால் காலண்டரைக் கை காட்டுவாள். "பொறுமைன்னு எழுதி வச்சிருக்கது யாரு? நானா?"

அதற்கு மேல் நான் பேசமாட்டேன். அவள் என் வாயை அடைத்துவிட்டாள் என்பதல்ல. டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தச் சொல் அவளைவிட எனக்குத்தான் வசதியாக இருந்தது. காலையில் தேதி கிழிக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

மல்லி எடுக்கப் போனவள் திரும்பி வந்தபோது குரல் கம்மியிருந்தது. ஊர்த் தண்ணி சேரவில்லை என்றாள். மறுநாள் சட்டி முன்னால் நின்றேன். கை கிண்டிக்கொண்டிருந்தது, காதில் அந்தக் குரல்தான் கேட்டது. புகை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். பாகு கருத்துப்போயிருந்தது.

முதலாளி அண்ணாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். காலண்டர் கதையை நான் அவரிடம் சொல்லிச் சிரித்திருந்தேன்.

"ஏம்பா, உன் பதம் வீட்டுச் சுவத்துல தொங்குதாக்கும்? சட்டியில காணுமே!"

கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லி வீட்டுக்கு வந்தேன். பேனாவால் 'பொறுமை'யை அடித்தேன். மேலே 'இன்னைக்கு' என்று எழுதினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பார்த்துவிட்டாள். "எப்பா, வருசத்துக்கு ஒரு பதம்தான். மாத்தக் கூடாது. அதுவும் பேச்சுத் தமிழ்ல எழுதியிருக்கீங்க."

"பாகு கருகிட்டா வேற சட்டிதான வைக்கணும்? உங்க அம்மா எங்க?"

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் மூன்று பேரும் ரயில் ஏறினோம். மணியாச்சியில் எதிர் வண்டிக்காக நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். நாங்கள் இறங்கவில்லை.

"வண்டி நிக்கிது பாருங்க. திரும்பிப் போயிருவமா?" என்றாள் என் மனைவி. விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில், சோதனைக்காக ஊசி போட்டுச் சதை எடுக்கிற அறைக்குள் கூட ஒருவரும் வரக்கூடாது என்றார்கள். நர்ஸ் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள். பையை என் மடியில் வைத்தாள். முந்தானையைக் கழுத்திலிருந்து எடுத்துச் செருகிக்கொண்டாள். வாசலில் ஒரு நிமிடம் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாரேன்" என்றாள்.

காய் வாங்கப் போனாலும் ஆபீசுக்குப் போனாலும் அவள் சொல்வதுதான். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். கதவு மூடிய பிறகும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வர நாளாகும், தகவல் சொல்கிறோம் என்றார்கள். இதை எழுதும்வரை தகவல் வரவில்லை. போன் அடித்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கிறோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் காலண்டரை இறக்கினேன். 'அம்மா'வுக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் 'வாரேன்' என்று எழுதினேன்.

என் மனைவி கிட்டே வந்து பார்த்தாள். அது எங்கே சொன்னது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழுத்துப் பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டாள்.

"'வா'வுக்குக் கால் சரியா விழல" என்றாள். "நல்லா அழுத்தி எழுதுங்க."

அழுத்தி எழுதினேன்.