சட்டை மாட்டிய டீச்சரம்மா

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் அம்பத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை போட்டு, படித்த இன்ஜினீயர்களையே காத்திருக்க வைத்தவன்.

என் மகளுக்கு மூளை வளர்ச்சி குறைவு. அவளைப் போன்ற பிள்ளைகளின் பள்ளியில் கற்றுக்கொடுத்த டீச்சரம்மா ஒல்லியாக இருப்பார். புடவைக்கு மேல் எப்போதும் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டியிருப்பார். பிள்ளைகள் அதில்தான் பொத்தான் போட்டுப் பழகும்.

ஒரு கோடை விடுமுறையில், வகுப்பு நடத்த இடம் கேட்டுப் பட்டறைக்கு வந்தார்.

“இன்னா டீச்சரம்மா, ஊருக்கே லீவு, உங்களுக்கு மட்டும் இல்லியா?”

“உங்க பொண்ணு இப்பதான் மூணு பொத்தான் போடுது சார். ரெண்டு மாசம் உட்டா அத்தனையும் மறந்துடும். வருஷா வருஷம் ஜூன்ல முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கிறேன்.”

“நான் கீறேன், கவலய வுடுங்க. பின்னாடி ஷெட்டு உங்களுதுதான்” என்று மார்தட்டினேன்.

பத்து நாள் வகுப்பு நடந்தது. அதற்குள் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஷெட்டில் புது மிஷினை இறக்கிவிட்டேன். வேறு இடம் கிடைக்காமல் வகுப்பு நின்றது.

ஜூனில் பள்ளி திறந்தபோது மகளை நானே கூட்டிப்போனேன். டீச்சரம்மா அவள் முன்னால் குனிந்து நின்றார். அவள் பொத்தானைச் சற்று நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு வாயில் வைத்துக் கடித்தாள். அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் விரலைப் பிடித்து முதல் பொத்தானைக் காட்டத் தொடங்கினார்.

இன்றும் மகளுக்கு அவள் அம்மாதான் பொத்தான் போட்டுவிடுகிறாள். அந்த டீச்சரம்மா அன்றைக்கு என்னைத் திட்டியிருக்கலாம்.