கார்த்திகைக் கவாத்து

மெல்போர்னில் எங்கள் பக்கத்து வீட்டு ஹெலன் காலையில் கத்தரிக்கோலோடு வந்து, ரோஜாச் செடியில் வாடிய பூக்களை மட்டும் காம்போடு வெட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவார். விட்டுவைத்தால் செடி விதை பிடிக்கப் போய்விடுமாம். வெட்டினால்தான் அடுத்த மொட்டு வருமாம். பூ செடியிலேயே விரிந்து அங்கேயே வாடுவது எனக்குப் பழகப் பல மாதம் ஆனது. கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் அப்படி விட மாட்டோம். மொட்டாகவே பறித்து மதுரைச் சந்தைக்கு அனுப்பிவிடுவோம்.

தோட்டத்தை இப்போது என் அண்ணன் பார்க்கிறார். மழை ஓய்கிற கார்த்திகைக் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, ஒவ்வொரு செடியையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். அதுதான் கவாத்து. தோட்டமே மொட்டையாக நிற்கும். பிறகு எரு வைத்துத் தண்ணீர் விட்டால் தையில் துளிர்த்து, மாசியிலிருந்து வெயில் காலம் முழுக்கப் பூத்துத் தள்ளும்.

இங்கே நானும் சுவரோரம் ஒரு மல்லிகை வைத்தேன். கார்த்திகை வந்தால் அண்ணன் வீடியோவில் வந்துவிடுவார்.

“டேய், தண்ணிய நிப்பாட்டிட்டியா? இந்த வாரம் வெட்டிரு.”

“வெட்டிர்றேண்ணே.”

வெட்டவும் செய்தேன். இந்த ஊரில் பருவம் தலைகீழ். கார்த்திகை என்பது கோடையின் தொடக்கம். அதற்கேற்ப உடுப்பை மாற்றிய எனக்குச் செடி விஷயத்தில் மட்டும் புத்தி ஓடவில்லை. மொட்டோடு வெட்டுவதைப் பார்த்த ஹெலன், செடிக்கு என்ன என்று பதறிக் கேட்டார். “கார்த்திகை” என்றேன். ஏதோ நோய் என்று நினைத்து, உள்ளே போய் மருந்து பாட்டிலோடு வந்தார். ஒருவழியாக விளக்கியபின், குளிர் முடிகிற ஆகஸ்டில் வெட்டு என்றார்.

புரிந்தது. ஆனாலும் அடுத்த இரண்டு வருடமும் கார்த்திகையில்தான் வெட்டினேன். மறுபடி துளிர்த்து நாலு பூ பூப்பதற்குள் குளிர் வந்துவிடும். என் மனைவி செல்வி இந்தியக் கடையில் வாடிப் பழுத்த மல்லிகைச் சரத்தை வாங்கி வாங்கி அலுத்துப்போனாள்.

“உங்கண்ணே மதுரைக்குச் சொல்றாக. நீங்க எங்க இருக்கீக?”

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் வீடு, வேலை, பிள்ளைகள் படிப்பு எதிலும் இப்போது அண்ணன் எனக்கு யோசனை சொல்வதில்லை. கேட்டாலும் “ஒனக்குத் தெரியாததா” என்று ஒதுங்கிக்கொள்வார். என்னை அவர் அதட்டுவதற்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு செடிதான். அதுவும் போய்விட்டால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைக்க வேண்டியதுதான். எனக்கு அது பயமாக இருந்தது.

போன ஆகஸ்டில் செல்வியே வெட்ட இறங்கிவிட்டாள். கயிறு, முழங்கால் உயரம் எல்லாம் அண்ணன் முறை. மாதம் மட்டும் ஹெலனுடையது. கார்த்திகைக் கடைசியில் செடி இலை தெரியாமல் பூத்துவிட்டது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அண்ணன் அழைத்தார். அவர் தோட்டத்தில் வெட்டு முடிந்திருந்தது.

“வெட்டிட்டியாடா?”

“வெட்டியாச்சுண்ணே.”

பொய் இல்லை, மாதத்தைத்தான் சொல்லவில்லை. செடி தெரியாதபடி திரும்பி நின்றுகொண்டேன். அந்த நேரம் பார்த்துச் செல்வி தலை நிறையப் பூவோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏத்தா, இந்த மாசத்துல இம்புட்டு மல்லி ஏது?”

செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

“கடையில வாங்குனதுண்ணே” என்றேன்.

“அதான பாத்தேன். வெலை கொள்ளையா இருக்குமேடா. நம்ம செடி மாசியில பூத்துரும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.”

போனுக்குள் அவர் மொட்டைக் குச்சிகளுக்கு நடுவே நின்றார். என் முதுகை உரசிக்கொண்டு பூத்த செடி நின்றது.

“பொறுத்துக்கிறோம்ணே” என்றேன்.