திறப்பு என்றால் சாவி

போன மாதம் மகள் குசினி மேசையில் இருந்தபடியே கைபேசியில் ரியோ டி ஜெனீரோவுக்கு ரிக்கெற் போட்டாள். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறவில்லை, அதற்குள் விமானம், தங்குமிடம், அங்கேயிருந்து கடற்கரைக்கு எத்தனை நிமிட நடை என்பதுவரை முடிந்துவிட்டது. வெயிலுக்குப் பூசவென்று ஒரு கிறீம் வாங்கி வைத்திருந்தாள். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். தேங்காய் வாசம்.

அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கையில் பிடித்திருந்த மூடியை எங்கே வைத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. மகள் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டாள்.

"அம்மா, நீங்க எங்கயாவது போயிருக்கிறீங்களா? லைக், சும்மா, ஃபன்னுக்கு?"

"ஓம். உங்கைதான் போனனான். ரியோவுக்கு."

"ஸ்டொப் இற், அம்மா" என்று சிரித்துவிட்டு ட்ரெயினுக்கு ஓடினாள். பிக்கரிங்கில் காலை ட்ரெயின் ஒருவருக்காகவும் நிற்காது. போகட்டும், நீங்கள் இருக்கிறீர்கள்தானே, உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தட்டில் அண்ணை, அண்ணியோடு இருந்தேன். வேலை மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு பெரிய சமையல்கூடத்தில். சமைக்க விடமாட்டார்கள், தட்டு அடுக்க வேண்டும். ஒரு குட்டிப் பாண், ஒரு பட்டர்க் கட்டி, ஒரு கேக் துண்டு, கடுதாசி லேஞ்சியில் சுற்றிய கரண்டியும் முள்ளும். தட்டுகளை ஏற்றும் வண்டியில் அது போகிற ஊரின் பெயர் ஒட்டியிருக்கும். லண்டன், ஹொங்கொங், ரியோ. நான் அடுக்கிய தட்டெல்லாம் உலகம் சுற்றியது. நான் இரண்டு பஸ்ஸும் ஒரு ட்ரெயினும் மாறி ஸ்காபரோவுக்குத் திரும்பினேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்து என் கனடாப் பாஸ்போட் வந்தது. கடும் நீல மட்டை. அதற்கு முன்னமும் நான் ஒரு பாஸ்போட்டில் பயணம் செய்தவள்தான், ஆனால் அதில் படம் என்னுடையது, பெயர் வேறு யாருடையதோ. மூன்று நாடுகளைத் தாண்டி வந்தேன், ஒரு நாட்டையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் விமான நிலையத்துக் கழிவறைகள்தான்.

கனடாவில் இறங்கிய பிறகு அகதி விசாரணை. அங்கே என் தமிழை இங்கிலீசாக்கித் தர, தமிழ்நாட்டுக்காரப் பெண் ஒருவர் இருந்தார். நல்ல மனுசி. "ஆமிக்காரர் வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போயிட்டினம்" என்று நான் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். எதைத் திறந்தார்கள் என்று என்னைக் கேட்டார். ஒருத்தரும் ஒன்றும் திறக்கவில்லை, திறப்பைத்தான் கொண்டுபோனார்கள் என்றேன். கதவு பூட்டுவதுபோலக் கையைத் திருகிக் காட்டினேன்.

"ஓ, சாவியாம்மா? சாவின்னு சொல்லுங்க" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை இந்தியப் படங்களில் கேட்ட வார்த்தை. அன்றைக்கு என் வீடு, ஊர், உயிர் எல்லாம் ஒரு திறப்பில் தொங்கிக்கொண்டு நின்றது. வெளியே வந்து ஒன்றை மனதில் எழுதிவைத்தேன். யாழ்ப்பாணத்தைத் தாண்டினால் திறப்பு என்று சொல்லாதே, சாவி என்று சொல்.

அந்த நீலப் பாஸ்போட்டில், என் சொந்தப் பெயரில், பொய் சொல்லாமல் விசா கேட்டு வாங்கிய முதல் நாடு பிரேசில். பொய்யெல்லாம் வீட்டுக்குச் சொன்னேன். மொன்றியலில் சிநேகிதி வீட்டுக்குப் பத்து நாள் போகிறேன் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணை வாசலில் குறுக்கே படுத்திருப்பார். பழைய சாமான் கடையில் வாங்கிய முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நான் நிற்க, பின்னால் நின்று பார்த்தால் பைக்குக் கால் முளைத்ததுபோல் இருந்திருக்கும்.

"மொன்றியலுக்கு உந்தப் பெரிய பையோ?" என்றார் அண்ணி.

"குளிர் உடுப்பு, அண்ணி" என்றேன். பைக்குள் இருந்தது மூன்று ரீசேட்டும் ஒரு தொப்பியும்.

விமானத்தில் சாப்பாடு வந்தது. எங்கள் தட்டு! பக்கத்தில் இருந்தவர் சாப்பிட, நான் லேஞ்சியின் மடிப்பை ஆராய்ந்தேன். நுனியை உள்ளே தள்ளி மடிப்பது என்னோடு வேலை செய்த கயானாக்காரியின் பழக்கம். அவளை நினைத்துக்கொண்டு கேக்கை முதலில் சாப்பிட்டேன்.

ரியோவில் நான் தங்கியது ஒரு மேட்டு ஒழுங்கையில், டோனா லூர்தஸ் என்ற அறுபது வயது மனுசி நடத்திய விடுதியில். ஆறு கட்டில் போட்ட அறை. மனுசிக்கு இங்கிலீஸ் ஒரு சொல்லும் தெரியாது, எனக்குப் போர்த்துக்கீசு ஒரு சொல்லும் தெரியாது. என் பாஸ்போட்டை வாங்கி, கொப்பியில் ஏதோ பதிந்து, நீளமாக ஏதோ சொன்னார். நித்திரையில்லாத தலையோடு நான் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றேன். தடித்த மட்டை போட்ட நகர வரைபடம் ஒன்றைக் கையில் தந்தார். அதை இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஓடினேன் என்றால் ஓடினேன்தான். மாசி மாதம். முதல்நாள் ஸ்காபரோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணிமை உறைந்தது. இங்கே தார் றோட்டு கொதிக்கிறது. ஒழுங்கை திரும்பியதும் கடல். பருத்தித்துறைக் கடலை விட்டு வந்து எட்டு வருடமாகியிருந்தது. ரொறொன்ரோவில் இருப்பது ஏரி, எவ்வளவு பெரிதென்றாலும் அதில் உப்பு இல்லை. ஜீன்ஸோடும் முழுக்கைச் சட்டையோடும், இடுப்புப் பையைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அப்படியே இறங்கிவிட்டேன். ஒரு அலை வந்து வாய்க்குள் அடித்தது. அதே உப்பு. சந்தோசத்தில் தனிய நின்று சிரித்தேன்.

என்னைச் சுற்றி எல்லாரும் நாலு விரல் துணியில் நின்றார்கள். வெட்கப்பட்டது நான் மட்டும்தான். ஒருத்தி வந்து, என்ன நினைத்தாளோ, தன் கிறீமை என் மூக்கில் பூசிவிட்டுப் போனாள். அதுதான் அந்தத் தேங்காய் வாசம்.

இரண்டாம் நாள் ஜீன்ஸ் பைக்குள் கிடந்த சில்லறையைக் கொடுத்து பஸ் ஏறி, பெயர் தெரியாத இடங்களில் இறங்கி, சந்தைக்குள் புகுந்து, மாம்பழம் மணந்து, வழி தவறி, திரும்பவும் கடலைக் கண்டுபிடித்து நடந்தேன். ஒருவரும் "ஆரின்ரை பிள்ளை" என்று கேட்கவில்லை. அந்த சுகத்தை எப்படிச் சொல்வது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மட்டும் இடுப்புப் பையைத் தட்டிப் பார்ப்பேன். தடிப்பாக இருக்கும். பாஸ்போட் இருக்கிறது. என்னைப்போல வந்தவர்களுக்கு இந்தத் தட்டல் தெரியும்.

மூன்றாம் நாள் காலை, கடலுக்குள் எழும்பி நிற்கும் அந்தப் பெரிய மொட்டை மலைக்குக் கம்பியில் போகும் பெட்டிக்கு வரிசையில் நின்றேன். ரிக்கெற்றுக்குக் காசு எடுக்கப் பையைத் திறந்தேன். தடிப்பாக இருந்தது வரைபடத்தின் மட்டை. பாஸ்போட் இல்லை.

பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். முதலில் வந்த நினைப்பு அண்ணையிடம் ரெலிபோனில் என்ன சொல்வது என்பது. மொன்றியலுக்குப் போனவளின் பாஸ்போட் ரியோவில் எப்படித் தொலைந்தது? அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான பயம். இந்தக் கடலோரத்தில் நான் யார் என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. திரும்பவும் விசாரணைக்கு நின்ற அந்த ஆளாகிவிட்டேன். திரும்பவும் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, திரும்பவும் முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

விடுதிக்கு எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. டோனா லூர்தஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்போட்" என்றேன். மூச்சு வாங்கியது. "மை பாஸ்போட்."

அவர் தலையைத் தூக்காமல் நீளமாக ஏதோ சொன்னார். அந்த நீளத்துக்குள் ஒரு சொல் என் காதில் கொழுவியது. "அர்மாரியு."

யோசிக்காமல் வாய் தமிழில் கேட்டுவிட்டது. "எந்த அலுமாரி?"

மனுசி நிமிர்ந்தார். கத்தியால் சுவரோரம் காட்டினார். அங்கே ஒரு பழைய மர அலுமாரி நின்றது. "அர்மாரியு" என்றார் திரும்பவும், செவிடிக்குச் சொல்வதுபோல.

இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. "திறப்பு" என்றேன். "திறப்பு எங்கை?"

அவருக்கு விளங்கவில்லை. கையைத் திருகிக் காட்டப் போனேன், விசாரணையில் காட்டியதுபோலவே. அப்போதுதான் அந்தத் தமிழ்நாட்டுக்காரப் பெண்ணின் குரல் வந்தது.

"சாவி" என்றேன்.

"ஆ, ஷாவி" என்றார் டோனா லூர்தஸ், வெகு சாதாரணமாக. கழுத்துக் கயிற்றில் தொங்கியதை இழுத்து எடுத்து அலுமாரியைத் திறந்தார்.

மடித்த துவாய்களுக்கு நடுவில் என் நீலப் பாஸ்போட் பத்திரமாக இருந்தது. வந்த அன்றே அங்கே வைத்துப் பூட்டியிருக்கிறார். அதைத்தான் நீளமாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நான் யெஸ் யெஸ் என்றிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனுசி பயந்துபோய் "கதேய்ரா, கதேய்ரா" என்று நான் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அதைக் கேட்டு இன்னும் கூட அழுதேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து வெளியாட்களுக்கு நான் தமிழில் சொன்ன எதுவும் நடுவில் ஒரு ஆள் இல்லாமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்ததில்லை. இங்கே நேரே போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வையுங்கள். காலைக் காட்டி "சப்பாத்து" என்றேன். "சப்பாத்து" என்றார். மேசை, மேஸா. துவாய், துவால்யா. யன்னல், ஜனேலா. வெங்காயம் கருகும்வரை நாங்கள் குசினியைச் சுற்றி வந்தோம். மழை பொருந்தவில்லை, மூக்கு பொருந்தவில்லை, அம்மா பொருந்தியது. பாண் வெட்டி வைத்து, அதைத் தூக்கி யன்னலுக்கு வெளியே அந்த மொட்டை மலையைக் காட்டினார். மலையின் பெயரே பாண்தானாம், சீனிப் பாண். நான் போகாமல் திரும்பிய மலை.

பள்ளிக்கூடத்தில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதையைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். கோயிலை இடித்தார்கள் என்று எழுதிப் புள்ளியும் வாங்கினேன். கதிரையையும் சப்பாத்தையும் எங்கள் வாயில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிரேசிலைப் பிடித்தவர்களும் அவர்கள்தான். டோனா லூர்தஸும் நானும் ஒரே கள்ளன் புகுந்த இரண்டு வீட்டுக்காரர்.

மிச்ச நாளெல்லாம் அந்த நகரத்தில் நான் தமிழ் கதைத்துக்கொண்டு திரிந்தேன். பத்தில் ஒன்று பொருந்தும். அந்த ஒன்றுக்காக ஒன்பது தரம் முட்டாளாகலாம். பாண் மலையில் ஏறி நின்று, காலடியில் முழு நகரத்தையும் கடலையும் பார்த்து, தெரிந்த சொல்லையெல்லாம் காற்றுக்குச் சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணை கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். மூக்குத் தோல் உரிந்து, அடுப்புக்கரி நிறத்தில் நின்றேன்.

"மொன்றியலில நல்ல வெயில் போல" என்றார்.

பாஸ்போட்டை நீட்டினேன். முத்திரை குத்திய பக்கத்தைக் கனநேரம் பார்த்தார்.

"ஆரோடை போனனி?"

"தனிய."

"பயப்பிடேல்லையோ?"

"பாஸ்போட் துலைஞ்சு போச்செண்டு பயந்தனான். பிறகு பாத்தா அலுமாரிக்கை கிடந்தது."

அண்ணை சிரித்துவிட்டார். பாஸ்போட்டை மூடித் தந்து, "அண்ணிக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

அண்ணை காலமாகி ஆறு வருடமாகிறது. அண்ணிக்கு இன்னமும் தெரியாது. அந்தச் சமையல்கூடம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். விமானத்தில் அந்தத் தட்டும் இல்லை, அந்த லேஞ்சி மடிப்பும் இல்லை. அந்தப் பாஸ்போட் காலாவதியாகி, மூலை வெட்டப்பட்டு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. சொற்களும் ஒவ்வொன்றாகப் போயின. அலுமாரி குளோசெற் ஆனது, துவாய் டவல் ஆனது, திறப்பு கீ ஆனது. வேறு ஒருத்தரும் வந்து பறிக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் திணறக்கூடாது என்று நானேதான் மாற்றிச் சொன்னேன். என்னைப்போலக் கையைத் திருகிக் காட்டிக்கொண்டு அவள் நிற்கக்கூடாது என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் ரியோவிலிருந்து வீடியோவில் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. கடலைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். பின்னால் மழை கொட்டும் சத்தம் கேட்டது. விடுதிக்காரப் பெண் அறை வாசலில் வந்து நின்று, அவளைப் பார்த்து அவசரமாக "ஜனேலா, ஜனேலா" என்று ஏதோ சொன்னாள். மகள் சிரித்துத் தலையாட்டினாள்.

"யெஸ், யெஸ்" என்றாள்.

நான் பிக்கரிங்கில் குசினி யன்னலைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"பிள்ளை, யன்னலைச் சாத்தட்டாம். மழை உள்ளுக்கை அடிக்குது."

"வாட்? நீங்க எப்படி..." என்றவள் நின்றாள். "அம்மா, யன்னல் எண்டா?"

"விண்டோ" என்றேன்.

ஓடிப்போய்ச் சாத்தினாள்.