வெட்டிய அடியிரும்பு

குருநகர்க் கரையில் படகு திருத்தும் அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதைக் கதைக்க முதலும் விரலை மடக்கிப் படகில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

என் சின்னப் பாய்ப்படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு, ஆழமில்லாத பரவைக்கடலில் சேற்றில் புதைந்தது. பாதியை வெட்டித்தரக் கேட்டேன். தட்டினார்.

"உது இல்லாட்டில் காத்துக்குப் பிரண்டுபோகும். நீர் ஆழமான வெளிக்கடலிலை கொண்டுபோய் ஓட்டும். நான் வெட்டமாட்டன்."

"என்ரை படகு அண்ணை!" என்று கத்திவிட்டு, வேறொரு பட்டறையில் வெட்டுவித்தேன்.

முதல் காற்றிலேயே கவிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று கத்தினேன். கரையிலிருந்து நடந்தே வந்த அந்த மனிதர், என்னைத் தாண்டிப்போய்ப் படகைப் பிடித்தார்.

"அண்ணை, நான் இஞ்சை நிக்கிறன்!"

கவிழ்ந்த படகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நீர் நிப்பீர். உமக்குக் கால் இருக்கு. இதின்ரை காலையெல்லோ வெட்டிப்போட்டீர்."