கஞ்சி போட்ட நிஜார்

கரமனையில் நாங்கள் குடியிருந்தபோது எனக்குப் பதினொரு வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத என்னை, என்ன நினைத்தாளோ, டிரில் டீச்சர் முன்வரிசையில் நிறுத்திவிட்டாள். வார்ஷிகம் வந்துகொண்டிருந்தது. ஆண்டு விழாவை அங்கே அப்படித்தான் சொல்வோம். வர்ணக் கோலைப் பிடித்துக்கொண்டு முப்பது பெண்கள் டிரில் செய்ய வேண்டும். வெள்ளைப் பாவாடை, உள்ளே முழங்கால் வரை வெள்ளை நிஜார். துணி விறைப்பாக நிற்கவேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள்.

அம்மா கஞ்சி போடுவதில் கெட்டிக்காரி. அப்பா கச்சேரி உத்தியோகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டு ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும். அதே கையால் என் பாவாடைக்கும் போட்டாள், நிஜாருக்கும் போட்டாள்.

மூன்றே நாள். குதித்துக் கால் மாற்றும்போதெல்லாம் நிஜாரின் ஓரம் அறுத்தது. முழங்காலுக்கு மேலே இரண்டு பக்கமும் தோல் உரிந்து, வேர்வை பட்டால் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தது. சொன்னால் முன்வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்களே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. காலை அகட்டி அகட்டி வைத்து வீடு வந்து சேர்வேன்.

அந்த நடையை முதலில் பார்த்தது எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. அம்மாவை அடுக்களைக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த நாளில் எங்கள் தெருவில் பெண் பெரியவளாகிவிட்டால் பள்ளிக்கூடம் அன்றோடு சரி. அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் என்றால் ஊர் வாயில் விழ வேண்டும். அப்பா அப்போதுதான் என் ஜாதகத்தைக் கையில் எடுத்திருந்தார். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாள் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை. வார்ஷிகத்துக்கு ஐந்து நாள்தான் பாக்கி. நான் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கேட்க வந்தவள் பாயை உதறினாள், மறுபடி சுருட்டினாள். அவளும் என்னைப்போல் கூச்சக்காரிதான். கடைசியில் கேட்டாள்.

"நடை ஏண்டி இப்படி இருக்கு? எங்கிட்டே மறைக்காதே."

"நிஜார் உரசறதும்மா. தோலெல்லாம் போயிடுத்து."

முழங்கால் பக்கத்துப் புண்ணைக் காட்டினேன். அம்மா கொடியிலிருந்த நிஜாரை எடுத்து, அதன் ஓரத்தைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. என் புண் இவளுக்குச் சிரிப்பாக இருக்கிறதே என்று எனக்குக் கோபமான கோபம்.

கதவைத் திறந்துகொண்டு போய், "அக்கா, கஞ்சியாக்கும். வேறே ஒண்ணுமில்லை" என்றாள்.

அத்தை மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "உள்ளே போடறதுக்குமா கஞ்சி போட்டே? நல்ல கெட்டிக்காரி" என்றாள். அன்று முழுவதும் அத்தை விடாமல் சொல்லிக் காட்டினாள். வழக்கமாக முகம் சுண்டிப்போகிற அம்மா, எல்லாவற்றையும் பாயசம் மாதிரி வாங்கிக்கொண்டாள்.

நிஜாரை அவளே ஆற்றுக்கு எடுத்துப்போய்க் கஞ்சி போகும்வரை நாலு தடவை அலசினாள். ஓரத்தில் அப்பாவின் பழைய வேஷ்டித் துணியை மடித்து வைத்துத் தைத்தாள். இரண்டு நாளில் புண் காய்ந்தது. அதற்கப்புறம் டிரில்லுக்குக் கிளம்பும்முன் உரசுகிற இடத்தில் தேங்காயெண்ணெய் தடவி அனுப்பினாள். எரிச்சல் என்பதே இல்லை, நான் பாட்டுக்குக் குதித்தேன்.

வார்ஷிகத்தன்று அம்மாவும் அத்தையும் பெண்கள் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் கோல் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கோலைப் பார்க்கவேயில்லை. ஆரம்பத்திலிருந்து முடிகிறவரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது டிரில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நன்னா நடந்தேடி" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் கோலைச் சுழற்றியிருக்கிறேன், இவளுக்கு நடைதானா கண்ணில் பட்டது என்று எனக்குத் தாங்கவில்லை. விடுவிடுவென்று முன்னால் நடந்தேன். அம்மா என்னை நிற்கச் சொல்லவில்லை. கரமனைப் பாலம் வரும்வரை, நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள்.