கையெழுத்துப் போட்டவர் ஏற வேண்டும்

“ஏறமாட்டேன்னு அந்த அங்கிள் சொல்லியிருக்கலாம்ல? ஏம்மா சொல்லல?”

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி இது. அவள் சொல்லும் அங்கிள் இறந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

பள்ளியில் விமானம் வந்த கதையைப் பற்றி ஒரு புராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம் ஒன்றுதான். பெயர் பிள்ளையுடையது, வேலை அம்மாவுடையது. நான் இயற்பியலில் முதுகலை முடித்து, திருச்சியில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள். இங்கே என் விசாவில் இல்லத்தரசி என்று இருக்கிறது. படித்த படிப்பையெல்லாம் பிள்ளையின் சார்ட்டில்தான் இறக்கிவைக்கிறேன். மற்ற அம்மாக்கள் பலூனையும் பறவையையும் ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு ராணுவம் முதன்முதலாக விமானம் வாங்கிய கதையை நான் எடுத்தேன்.

விமானம் என்ற ஒன்று வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். வாங்குவதற்கு முன் பறந்து காட்டுங்கள் என்றது அமெரிக்க ராணுவம். இரண்டு பேரைச் சுமந்து பறக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓட்டியவர் அந்த விமானத்தைச் செய்தவர்களில் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓர் இளம் ராணுவ அதிகாரி. மேலே போனதும் புரொப்பல்லர் விசிறி உடைந்து விமானம் விழுந்தது. ஓட்டியவர் எலும்புகள் முறிந்து பிழைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அன்றே இறந்துபோனார். மறு வருடம், சரிசெய்து கொண்டுவந்த விமானத்தை ராணுவம் வாங்கிக்கொண்டது.

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சாவெல்லாம் எதற்கு என்று, ‘காயமடைந்தார்’ என எழுதினேன். ராணுவம் வாங்கியதைப் பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் ஜிகினா ஒட்டினேன்.

பிள்ளைக்காக என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. என் கணவர் சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். பெரிய வேலை ஏதாவது முடிந்தால் விமானத்தை ஒருமுறை பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். அப்போது, வேலை சரி என்று கையெழுத்துப் போட்டவரும் பைலட்டுடன் ஏற வேண்டும். எந்தக் காகிதத்திலும் இப்படி எழுதவில்லை. ஆனாலும் அவர்கள் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் இதுதான் நடைமுறை. அப்பா தரையிலேதான் வேலை பார்க்கிறார் என்று மகளிடம் நான் சொல்லிவைத்திருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் சார்ட்டைக் காட்டிப் பேசினாள். பேசி முடித்ததும் ஒரு தோழி எழுந்து, “அவர் செத்துட்டாரு, நான் வீடியோ பார்த்தேன்” என்றாளாம். டீச்சரும் ஆமாம் என்றாராம். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என் கையைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சார்ட்டைச் சோபாவில் போட்டாள்.

“யூ லைடு மா, பொய் சொல்லிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

“நீ பயப்படுவியேன்னுதான்டா கண்ணு...”

“நான் பயப்படல. நீங்கதான் பயந்தீங்க.”

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததையும் கேட்டாள். “அப்பா அந்த மாதிரி மேல போக மாட்டாங்கல்ல?”

“போக மாட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

மாலை கணவர் வந்ததும், மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்த நேரத்தில், அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். “ஏங்க, நீங்க ஏறமாட்டேன்னு சொல்ல முடியாதா?”

“தாராளமா சொல்லலாம்” என்று டீயை உறிஞ்சினார். “கலாஸ், முடிஞ்சுதுன்னு விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு டிக்கெட் போட்டுடுவான். அந்த ஃப்ளைட்ட வேற எவனாவது உட்கார்ந்து டெஸ்ட் பண்ணியிருப்பான். நிம்மதியாத் தூங்கிட்டே போகலாம்.”

“விளையாடாதீங்க.”

“அட, பைலட்டு என் மூஞ்சியத்தான்மா பார்ப்பான். நான் ஏறலன்னா, ஏன் பாய், உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையாம்பான். என்ன சொல்ல?”

“உங்க மேனேஜர் ஏறட்டுமே. அவரும்தான் கையெழுத்துப் போடுறாரு.”

“அவரு லீவு லெட்டர்ல போடுவாரு. லீவு லெட்டர் பறக்காதே.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தபடியே, “அவ கேட்டா உள்ளதைச் சொல்லிடு. நீ மறைக்க மறைக்கத்தான் அது பெருசாத் தெரியும்” என்றார். வியாழக்கிழமை காலை ஒரு விமானம் இருக்கிறது என்றும் சொன்னார். கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

செவ்வாயிலிருந்து மகளுக்கு வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வியாழனும் பள்ளிக்குப் போகவில்லை. என் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பருப்பை வேகவைத்துவிட்டு, குக்கர் விசிலை எண்ண மறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் அவர் எனக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல் அனுப்புவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அது வரும்வரை போன் என் கையில்தான் இருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அதைப் பிள்ளையிடம் கொடுத்திருந்தேன்.

“மா, அப்பா ‘லேண்டட்’னு அனுப்பியிருக்காங்க. எங்க போனாங்க?”

உள்ளதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. அவர் பத்திரமாக இறங்கிவிட்டார். பயமெல்லாம் முடிந்திருந்தது. ஆனால் நான் சொன்னது, “அப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் ஊருக்குப் போயிருக்காருடா. போய்ச் சேர்ந்துட்டாராம்.”

அவள் என்னையே பார்த்தாள். “பிராமிஸ்?” என்று கேட்கவில்லை. எப்போதும் கேட்பவள், அன்று கேட்காமல் போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதா, அல்லது என்னிடம் கேட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டாளா?

மதியம் அவர் வந்து, கையில் கிரீஸ் வாடையோடு இரண்டு முறை சாதம் போட்டுச் சாப்பிட்டார். அவர் தட்டையும் முகத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

சார்ட் இன்னும் சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. ‘காயமடைந்தார்’ என்பதன் மேல் அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். சரியான சொல்லை எழுதவில்லை, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

ஈத் விடுமுறை முடிந்ததும் அடுத்த விமானம். அதற்குள் நான் அவளிடம் பேச வேண்டும். அப்பா ஏறுகிறார் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். மாட்டேன் என்று அவரால் ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது? விசா என்றா, மானம் என்றா, நம் மூன்று பேரின் சாப்பாடு என்றா? இதில் எதை எட்டு வயதுத் தலையில் ஏற்றுவது?

இதைப் படிப்பவர்களில் கணவரை இப்படியான வேலைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் காத்திருப்பவர்கள் இருப்பீர்கள். நீங்கள் உங்கள் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்? எந்தச் சொல்லில் ஆரம்பித்தீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.