மடங்காத துப்பாக்கியும் மறுபடி மறுபடி வந்த முனிரத்தினமும்

ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போன சாமானை எப்படியாவது சமாளித்துவிடலாம். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பூட்டோ, ஸ்டவ்வோ, தையல் மிஷினோ, எதையாவது பிரித்து மாட்டிப் பிழைக்கிறவர் நீங்களும் என்றால் இதற்குள் தலையாட்டியிருப்பீர்கள்.

திருத்தணியில் மலைப்படி ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பட்டணத்திலிருந்து புதுச் சாமான் எதுவும் வராது, அதனால் பழையதெல்லாம் என்னிடம் வந்து சேரும். ஏர் கன்னும் அதில் அடக்கம். கொஞ்சம் வசதியான குடும்பங்களில் கிளி, குருவி விரட்ட ஒன்று வைத்திருப்பார்கள். அதற்கு வெடிமருந்து கிடையாது, ஸ்பிரிங்தான். குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி ஒரு கொக்கியில் மாட்டும். விசையை இழுத்தால் கொக்கி விடும், ஸ்பிரிங் பாயும், அந்தக் காற்றில் குண்டு பறக்கும். இவ்வளவுதான் சங்கதி. வருகிற புகாரும் ஒன்றே ஒன்றுதான்: மடக்கினால் மாட்டவில்லை. காரணம்தான் ஆளுக்கு ஒன்று.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

ஆர்.கே.பேட்டையில் தறி போட்டிருந்த ஒரு பெரியவர், குழந்தையைத் தூக்கி வருவது போல ஒரு துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். அரிவாள்மனை முதல் தறி நாடா வரைக்கும் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தவர், நிஜமான ஆயுதம் என்று இருந்தது இது ஒன்றுதான் என்பதால் இதற்கு மட்டும் மனசு நிறையச் செய்திருந்தார். மடங்குகிற இடுக்கு முழுக்கச் சந்தனம். குழல் வாயில் குங்குமம், அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூ. ராத்திரி முழுக்கக் காய்ந்து சந்தனம் சுண்ணாம்புக் காரையாக இறுகியிருந்தது.

பழைய குடைக்கம்பியை வைத்துச் சுரண்டிச் சுரண்டி என் விரலெல்லாம் மணத்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, மடக்கிக் காட்டினேன். 'கடக்' என்று அழகாக மாட்டியது. பெரியவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. "இன்னாப்பா, விதவை மாதிரி ஆக்கிட்ட? ஒரு பொட்டாவது வெச்சுக் குடு!" என்றார்.

ஒன்றும் ரிப்பேர் இல்லை

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். எதற்கும் விதியைச் சொல்லிப் பேசுகிற ரகம். "மடக்கினா தொளதொளன்னு போவுதுங்க, பலமே இல்ல, மாட்டவும் இல்ல. ஸ்பிரிங் உடைஞ்சிருக்கணும்" என்று அவரே தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் அதை அப்படியே நம்பித் தொலைத்தேன். எப்போதோ மடக்கி, குண்டும் போட்டுப் பரண்மேல் வைத்ததை அவர் மறந்தே போயிருந்தார். ஏற்கெனவே கொக்கியில் மாட்டியிருக்கிற ஸ்பிரிங்கை இன்னொரு தரம் மாட்டு என்றால் அது எங்கே போய் மாட்டும்?

திருப்பிப் பார்க்கும்போது என் விரல் விசையில் பட்டது. எதிர்க்கடையில் அடுக்கியிருந்த பலாப்பழத்தில் 'பொத்'தென்று ஒரு சத்தம். பழக்காரம்மா எழுந்து நின்று என் பரம்பரையையே விசாரித்தாள். கூரைமேல் இருந்த குரங்குகள் அன்று முழுக்க அந்தச் சந்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குமாஸ்தா மட்டும் சாவதானமாகத் துப்பாக்கியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப ரிப்பேர் ஒண்ணும் இல்லியே? வரட்டுங்களா?"

வெல்லப் பாகு

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் ஒரே துப்பாக்கியின் கதை. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்கிற வாலிபன் அதைக் கொண்டுவந்தான். சொந்த நிலத்தில் சோளம் போட்டிருந்தார்கள். கதிர் பால் பிடிக்கிற சமயம், கிளிக்கூட்டம் வந்து இறங்குகிறது, துப்பாக்கியைச் சரி பண்ணிக்கொண்டு வா என்று அவன் நைனா அனுப்பியிருக்கிறார். பிரித்தால் ஸ்பிரிங் முழுக்க வெல்லப் பாகு! யாரோ எண்ணெய் என்று நினைத்து ஊற்றியிருப்பார்கள் என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

வெந்நீர் விட்டு அலசி, துடைத்து, எண்ணெய் போட்டு, அவன் வாங்கிய டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். 'சபாஷ்' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவனோ இடிந்துபோய் உட்கார்ந்தான். "அதுக்குள்ளியா ஆயிடுச்சு? ரெண்டு மூணு மாசம் ஆவும்னு நெனைச்சேனுங்களே!"

வேப்பங்குச்சி

அடுத்த வாரமே திரும்ப வந்தான். இந்தத் தடவை குழல் மடங்கவே இல்லை. இடுக்கில் ஒரு வேப்பங்குச்சி, கத்தியால் அளவாகச் சீவிச் சொருகியது. நான் ஊசியை விட்டு நெம்பி எடுத்தேன். "உங்க வீட்டில் உனக்கு வேண்டாதவன் எவனோ இருக்கிறான், ஜாக்கிரதை" என்று வேறு எச்சரித்தேன். துப்பறிகிற புத்தி எனக்கு அவ்வளவுதான்.

முனிரத்தினம் அந்தக் குச்சியைக் கையில் வாங்கிப் பெருமூச்சு விட்டான். "நீங்க ரொம்பக் கெட்டிக்காரருங்க. அதான் நைனா வேற யாராண்டயும் போவாதேன்றாரு. இத்த பட்டணத்துக்கு அனுப்பிதான் பாக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

ஸ்பிரிங் இல்லாத துப்பாக்கி

மூன்றாம் தடவை துப்பாக்கி லேசாக இருந்தது. பிரித்தால் உள்ளே ஸ்பிரிங்கே இல்லை. நான் பிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து முனிரத்தினம் தொழிலையே கற்றுக்கொண்டுவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் கடையை விட்டு இறங்கு என்றேன். அவன் இறங்கவில்லை. வேட்டி மடியை அவிழ்த்து ஸ்பிரிங்கை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"பொஞ்சாதி முழுகாம இருக்காளுங்க. இந்த சமயத்துல புருஷங்காரன் ஒரு உசிரக் கொல்லக்கூடாது. போன வருசம் நான் புறா சுட்டுகினு வந்தேன், அந்தப் புள்ள தங்கல. அதனாலதான்னு அவ நெனைக்கிறா. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

"இதை நைனாவிடம் சொல்லேன்."

"மூணு மாசம் தாண்டற வரைக்கும் ஊட்ல யாருக்கும் சொல்லமாட்டேன்னு அவளுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"சரி, குறி தவறின மாதிரி சுடு."

"நைனா பக்கத்துலயே நின்னுகினு பாக்கறாருங்க. நான் குறி தப்பினதே கெடையாது."

எனக்கு மனசு கரைந்துவிட்டது. ஆனால் தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. என் வாயால் ஆகாது என்று எந்தச் சாமானையும் சொன்னதில்லை என்றேன். அவன் துப்பாக்கியையும் ஸ்பிரிங்கையும் என் பக்கம் தள்ளினான். "உங்க பேரு கெடும்னு தெரியுதுங்க. அவ தூங்கியே நாளாவுது. நைனா வந்து கேட்டா, இது செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க."

நைனா

சொன்னபடி நைனா வந்தார். நல்ல உயரம், கையில் தடி. எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை, அதனால் அளவு தெரியாமல் சொன்னேன். ஸ்பிரிங் போச்சு, கொக்கி போச்சு, குழலும் போச்சு, யுத்தம் முடிகிறவரை எதுவும் கிடைக்காது என்று அடுக்கினேன். கிழவர் தடியை ஊன்றியபடி கேட்டுக்கொண்டார். பிறகு என் மேஜையில் பளபளவென்று கிடந்த ஸ்பிரிங்கை எடுத்து அழுத்திப் பார்த்தார். ஒளித்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை! அந்தப் பெண்ணின் தூக்கம் என்னால் கெடப்போகிறதே என்று நிஜமாகவே கலங்கிப்போனேன்.

அவர் ஸ்பிரிங்கை என் தகர டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தினார். பிறகு குனிந்து, பலாப்பழக் கடைக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "மருமவ முழுகாம இருக்கறது எனக்குத் தெரியாதா? கிளிய சுடுன்னு நான் சத்தம் போடலைன்னா எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். வெளிய தெரிஞ்சிடுச்சேன்னு பொண்ணு பயந்துகினு கெடக்கும். அதுக்குத்தான் வாரா வாரம் கத்திகினு இவன அனுப்பறேன். நீ இன்னாடான்னா வாரா வாரம் ரிப்பேர் பண்ணிப் பண்ணிக் குடுத்துகினே இருக்கற! கிளி தின்னா தின்னுட்டுப் போவட்டும். புள்ள பொறந்தப்புறம் வந்து வாங்கிக்கறேன், அதுவரைக்கும் கைய வெச்சிகினு சும்மா இருப்பா!"

ரிப்பேர் ஆகவில்லையே என்று திட்டு வாங்குவது நம் தொழிலில் சகஜம், ரிப்பேர் செய்ததற்காக நான் திட்டு வாங்கியது அந்த ஒரு தரம்தான். அதுவும் போதாதென்று, பேத்தி பிறந்த சர்க்கரையை என் கையில் கொட்டிவிட்டுத் துப்பாக்கியை வாங்கிய அன்று, சும்மா வைத்திருந்து துருப்பிடிக்க விட்டாயே என்று அந்த மனுஷர் இன்னொரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.